டாரஸ், குட்டி யானை, புல்லட்: லாரி கம்பெனிப் பங்கில் எதை எடுப்பது?

அக்கா மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. கையில் 40,000 ரூபாய் மிச்சம். பங்கு வாங்கி வைக்கும் டீமேட் கணக்கைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, லாரி கம்பெனிப் பங்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். லேலண்டா, டாடாவா, ஐஷரா?"

"ஏன் மாப்ள, லாரி மேல என்ன திடீர்ப் பாசம்?"

"தினமும் பஸ்ல போறப்ப பாக்குறேன் மாமா. லேலண்ட் ஃபேக்டரி பக்கம் பாடி கட்டாத புது சேசிஸ் வரிசையா நிக்குது. யாவாரம் நல்லா இருந்தாத்தானே அவ்ளோ செய்வாங்க?"

வரிசையாக நின்றால் நிறையச் செய்கிறார்கள் என்றும் சொல்லலாம், செய்தது போகவில்லை என்றும் சொல்லலாம். எது என்பதை ரோட்டிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கணக்கில்தான் தெரியும். அன்றைக்கு அவனோடு ஆரம்பித்த பேச்சு நாலு ஞாயிற்றுக்கிழமை ஓடியது. அதை அப்படியே எழுதி வைக்கிறேன். நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகன் இல்லை. என்னிடம் லேலண்ட் பங்கு கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் ஊரில் பல சக்கரம் வைத்த பெரிய லாரி எதுவானாலும் "டாரஸ்" என்பார்கள். அது அசோக் லேலண்டின் ஒரு மாடல் பெயர். சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் சின்ன வண்டி எதுவானாலும் "குட்டி யானை". அது 2005-ல் டாடா விட்ட ஏஸ். ஐஷர் மோட்டார்ஸ் என்று சொன்னால் பலருக்குப் புரியாது, "புல்லட் கம்பெனி" என்றால் உடனே புரியும். ராயல் என்ஃபீல்டு அவர்களுடையது. இந்த மூன்று பெயர்களிலேயே மூன்று கம்பெனிகளின் குணமும் பாதி வந்துவிடுகிறது. லேலண்ட் பெரிய வண்டிக்காரர். டாடா சின்னதிலிருந்து பெரியது வரை எல்லாம் செய்பவர். ஐஷரிடம் லாரி இருக்கிறது, ஆனால் பெட்டியில் விழும் காசு பெரும்பாலும் புல்லட் காசு.

முதலில் எல்லாருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சங்ககிரியில் என் பெரியப்பாவுக்கு மூன்று லாரி ஓடுகிறது. அவரிடம் லாரி எப்போது வாங்குவீர்கள் என்று கேட்டால் விலை, மைலேஜ் என்று எதுவும் ஆரம்பிக்க மாட்டார். "இருக்கிற வண்டி நிக்காம ஓடுனா அடுத்த வண்டி எடுப்பேன். ரெண்டு நாள் லோடு இல்லாம நின்னா எடுக்க மாட்டேன். அவ்ளோதான்." ஒரு குடும்பம் சோப்பு வாங்குவதை நிறுத்தாது. லாரிக்காரர் புது வண்டி வாங்குவதை ஒன்றிரண்டு வருடம் தாராளமாகத் தள்ளிப்போடுவார். பழைய வண்டிக்கு எஃப்.சி. காட்டி, டயரை ரீட்ரெட் செய்து ஓட்டிக்கொள்வார். நாடு முழுக்க எல்லாரும் ஒரே சமயத்தில் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தத் தொழிலின் கதை.

அது எப்படி நடந்தது என்பதற்கு 2018-ஐப் பார்க்கலாம். அந்த ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதி எடையைக் கூட்டியது. இரண்டு ஆக்சில் வண்டிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆனது. மூன்று ஆக்சிலுக்கு 25 டன் 28.5 ஆனது. அதே எண்ணிக்கை லாரியிலேயே அதிகச் சரக்கு ஏற்ற வழி பிறந்தது. செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் தடுமாறியது, ஃபைனான்ஸ்காரர்கள் கையை இறுக்கினார்கள். 2020 ஏப்ரலில் புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ். 6 வந்து வண்டி விலை ஏறியது. அதே நேரத்தில் கொரோனா. இனி அசோக் லேலண்டின் ஸ்டாண்டலோன் கணக்கை, அதாவது துணை நிறுவனங்களைச் சேர்க்காமல் தாய்க் கம்பெனி மட்டும் உள்ள கணக்கை, மூன்று வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2018-19: விற்பனை 29,055 கோடி, நிகர லாபம் 1,983 கோடி, எபிட்டா மார்ஜின் 10.8 சதவீதம்.
2020-21: விற்பனை 15,301 கோடி, நஷ்டம் 314 கோடி, மார்ஜின் 3.5 சதவீதம்.
2024-25: விற்பனை 38,753 கோடி, நிகர லாபம் 3,303 கோடி, மார்ஜின் 12.7 சதவீதம்.

எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிக்கும் முன் தொழிலில் மிஞ்சும் காசு. நூறு ரூபாய்க்கு விற்றால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மார்ஜின். நடு வரியைப் பாருங்கள். விற்பனை பாதியாகத்தான் குறைந்தது, லாபமோ பாதியாகவில்லை, மொத்தமாகப் போய் நஷ்டமே வந்துவிட்டது. எண்ணூரிலும் ஓசூரிலும் பந்த்நகரிலும் இருக்கும் ஆலைகளுக்கு வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் சம்பளம் உண்டு, தேய்மானம் உண்டு. கல்யாண மண்டபம் மாதிரி. முகூர்த்த மாதத்தில் கொட்டும், ஆடியிலும் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். ஆடி மாதக் கணக்கை வைத்து மண்டபத்தை விலை பேசக் கூடாது, தை மாதக் கணக்கை வைத்தும் பேசக் கூடாது.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். பி.இ. என்று ஒரு எண் இருக்கிறது, பங்கு விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் வருவது. குறைவாக இருந்தால் மலிவு, கூடினால் விலை ஜாஸ்தி என்று எல்லா வீடியோவிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். லாரிக் கம்பெனியில் அது பெரும்பாலும் தலைகீழ். 2019 மார்ச்சில் லேலண்ட் பங்கு 90 ரூபாய் அளவில் இருந்தது. அந்த ஆண்டு ஒரு பங்குக்கு லாபம் 6 ரூபாய் 75 காசு அளவு. பி.இ. 13 சொச்சம். மலிவாகத் தெரிந்தது. அடுத்த மார்ச்சில் விலை 40 ரூபாய்க்கும் கீழே போய் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு கம்பெனி நஷ்டம் காட்டியது, பி.இ. கணக்கிடவே முடியாது. அந்த ஆண்டு முடியும்போது பங்கு 100 ரூபாயைத் தாண்டி நின்றது!

இது ஒரு தடவை நடந்த விபத்தும் இல்லை. 2013-14-ல் லேலண்டின் ஆண்டு லாபமே 29 கோடிதான், பங்குக்கு 11 காசு. விலை 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே பி.இ. 180 வரும். பள்ளிக்கூடப் பாடப்படி பார்த்ததும் விலகி ஓட வேண்டிய விலை. அதற்குப் பின்னான நாலு வருடத்தில் அது பல மடங்கானது. சந்தை நேற்றைய லாபத்துக்கு விலை கொடுப்பதில்லை. லோடு திரும்ப வருகிறதா என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறது. அதனால் மாப்பிள்ளைக்கு நான் சொன்ன முதல் விதி: ஒரு வருட லாபத்தை நம்பாதே, பத்து வருடத்தைப் போட்டுச் சராசரி எடு, இன்றைய விலையை அந்தச் சராசரியோடு வைத்துப் பார்.

இங்கே இன்னொரு குழி. 2025 ஜூலையில் லேலண்ட் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. பங்கு எண்ணிக்கை இரட்டித்தது, விலை பாதியானது. இப்போது சார்ட்டைத் திறந்தால் நான் மேலே சொன்ன 90 ரூபாய் 45 என்று காட்டும். 2024-25-க்கு ஆண்டறிக்கையில் இருக்கும் 11 ரூபாய் 25 காசு இ.பி.எஸ். (ஒரு பங்குக்கான லாபம்), இன்றைய பங்கு எண்ணிக்கைக்கு 5 ரூபாய் 60 காசு சொச்சம்தான். பழைய லாபத்தைப் புது விலையோடு வைத்து வகுத்துவிட்டு "ரொம்ப மலிவா இருக்கு மாமா" என்று ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் வந்தது. போனஸை மறந்திருக்கிறான்.

எனக்குப் பிடித்த விஷயம் மேலே போட்ட லேலண்ட் கணக்கின் முதல் வரியையும் மூன்றாவது வரியையும் ஒப்பிடுவதில் இருக்கிறது. 2018-19-ல் லேலண்ட் விற்றது சுமார் 1.97 லட்சம் வண்டி. 2024-25-ல் சுமார் 1.95 லட்சம். ஆறு வருடம் கழித்தும் வண்டி எண்ணிக்கை அதே இடத்தில்தான், கொஞ்சம் குறைவு என்றே சொல்லலாம். ஆனால் விற்பனைத் தொகை மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. மொத்த விற்பனையை வண்டி எண்ணிக்கையால் வகுத்தால் அப்போது வண்டிக்கு 14.7 லட்சம், 2024-25-ல் 19.9 லட்சம். இதில் உதிரிபாகம், ஜெனரேட்டர் எஞ்சின், ராணுவ வண்டி எல்லாம் கலந்திருப்பதால் துல்லியமான விலை இல்லை, போக்கு மட்டும் தெரியும். பி.எஸ். 6-ன் விலையேற்றம் ஒரு பக்கம், தள்ளுபடிப் போட்டி தணிந்தது ஒரு பக்கம், பெரிய வண்டிகளின் பங்கு கூடியது ஒரு பக்கம். ஆக, இந்த லாபம் அதிக வண்டி விற்று வந்தது இல்லை, ஒவ்வொரு வண்டியிலும் அதிகம் வாங்கியதால் வந்தது. நல்ல செய்திதான். ஆனால் மந்தம் வந்து கம்பெனிகள் மறுபடி தள்ளுபடியில் இறங்கினால் முதலில் கரைவதும் இதுதான். ஆண்டறிக்கை கையில் வந்தால் நான் முதலில் போடும் கணக்கு இந்த ஒரு வகுத்தல்தான். கால்குலேட்டர் போதும்.

அடுத்து கடன். மாப்பிள்ளை ஒரு ஆப்பில் பார்த்துவிட்டுப் பதறிப்போய் வந்தான். "மாமா, லேலண்டுக்கு எக்கச்சக்கக் கடன் காட்டுது. நீங்க கடனே இல்லைன்னீங்க?" இரண்டும் உண்மை. தாய்க் கம்பெனியின் கணக்கில் 2025 மார்ச் 31 அன்று கடன் போக 4,242 கோடி ரொக்கம் மீதி இருந்தது. துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டும் கன்சாலிடேட்டட் கணக்கில் ஹிந்துஜா லேலண்ட் ஃபைனான்ஸும் சேர்ந்துகொள்கிறது. அதில் லேலண்டுக்குச் சுமார் 60 சதவீதம் பங்கு. வண்டி வாங்குபவருக்குக் கடன் கொடுப்பதுதான் அதன் தொழில். அதற்கு அது வெளியில் கடன் வாங்கியே ஆக வேண்டும். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டை வாங்குவது மாதிரி, ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கடன்தான் சரக்கு. ஆப் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டிவிடும். லாரித் தொழிலை அளக்க ஸ்டாண்டலோனைப் பாருங்கள். குடும்பத்தின் மொத்தச் சுமையை அளக்க கன்சாலிடேட்டடைப் பாருங்கள். அந்தக் கடனைச் சும்மா தள்ளிவிடவும் வேண்டாம். லோடு இல்லாத வருடத்தில் லேலண்டின் வண்டியும் விற்காது, லாரிக்காரர் டியூவும் கட்ட மாட்டார். ஒரே மழை இரண்டு கூரையிலும் ஒழுகும்.

அந்த 4,242 கோடியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மூன்றே மாதம் கழித்து, ஜூன் முடிவில், அது 821 கோடி. பணத்தை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. இந்தத் தொழிலில் மார்ச் மாதம்தான் உச்சம். மார்ச்சில் வண்டி விற்றுக் காசு வந்துவிடும். டயர், ஆக்சில், பேட்டரி கொடுத்தவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில்தான் பணம் போகும். அதற்கு நடுவில் மார்ச் 31 வருகிறது. கூடவே மே மாதம் அறிவித்த 4 ரூபாய் 25 காசு டிவிடெண்டு மட்டுமே 1,200 கோடிக்கு மேல். எனவே மார்ச் ரொக்கத்தைப் போன மார்ச்சோடு ஒப்பிட வேண்டும், ஜூனைப் போன ஜூனோடு. விற்பனைக்கும் இதே கதைதான். ஜனவரி முதல் மார்ச் காலாண்டை அடுத்த காலாண்டோடு வைத்துப் பார்த்து "சரிஞ்சு போச்சு" என்று அலறும் தலைப்புகள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வரும், கண்டுகொள்ள வேண்டாம்.

லேலண்டில் எனக்கு உறுத்தும் ஒன்று ஸ்விட்ச் மொபிலிட்டி. 2010-ல் பிரிட்டனின் ஆப்டேர் என்ற பஸ் கம்பெனியில் 26 சதவீதம் வாங்கியதில் ஆரம்பித்தது. பிறகு அது மின்சார பஸ் தொழிலாக உருமாறியது. 2023-ல் மட்டும் 1,200 கோடி அதில் போட ஒப்புதல் ஆனது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் 2025-ல் ஓடத் தொடங்கிய மின்சார பஸ்கள் லேலண்ட் குடும்பத்திலிருந்து வந்தவை, அதில் ஏறும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்குதாரராக நான் பார்க்க வேண்டியது, தாய்க் கம்பெனி சம்பாதிக்கும் காசு ஆண்டுதோறும் எவ்வளவு இப்படித் துணை நிறுவனங்களுக்குப் போகிறது என்பதை. ஆண்டறிக்கையில் காசு வந்ததையும் போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கையில் "துணை நிறுவனங்களில் முதலீடு" என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

சரி, குட்டி யானைக்கு வருவோம். டாடாவைப் பற்றிப் பேசும்போது முதலில் எந்த டாடா என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபரில் பழைய டாடா மோட்டார்ஸ் இரண்டாகப் பிரிந்தது. காரும் ஜாகுவார் லேண்ட் ரோவரும் ஒரு கம்பெனி, அதன் பெயர் டாடா மோட்டார்ஸ் பாசஞ்சர் வெஹிக்கிள்ஸ். லாரியும் பஸ்ஸும் இன்னொன்று, அது நவம்பர் 12 அன்று தனியாகப் பட்டியலாகி "டாடா மோட்டார்ஸ்" என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஆப்பில் டி.எம்.சி.வி. என்று இருப்பதுதான் லாரி. டி.எம்.பி.வி. என்று இருப்பது கார். பழைய சார்ட்டைப் பார்த்து ஜாகுவாரின் ஏற்ற இறக்கத்தை லாரியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அளவில் இதுதான் பெரியண்ணன். நாட்டில் விற்கும் வணிக வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் டாடா. லாரிப் பிரிவின் 2024-25 விற்பனை ஏறத்தாழ 75,000 கோடி, லேலண்டைப் போல இரண்டு மடங்கு. மார்ஜினும் 12-ஐ ஒட்டியே இருந்தது. சின்ன வண்டி, பெரிய வண்டி, பஸ் எல்லாம் கலந்திருப்பதால் ஒன்று படுத்தால் ஒன்று தாங்கும் என்று சொல்வார்கள். குட்டி யானை பக்கம் சில வருடங்களாகப் படுத்தே கிடந்தது என்பதும் உண்மை. 3.5 டன்னுக்குக் கீழே மஹிந்திரா பிக்கப் வைத்து அடித்து ஆடுகிறது.

பங்கு பட்டியலான அடுத்த நாளே வந்த முதல் காலாண்டுக் கணக்கில் 867 கோடி நஷ்டம். "என்ன மாமா, பெரியண்ணன் அறிமுகமே இப்படி?" என்றான். கணக்கைத் திறந்து பார்த்தோம். வைத்திருந்த டாடா கேப்பிட்டல் பங்குகளின் மதிப்பு குறைந்ததை எழுதியதில் மட்டும் 2,026 கோடி. ஒரு லாரிகூட நஷ்டத்தில் விற்கவில்லை, காசும் வெளியே போகவில்லை. நிகர லாப வரியை மட்டும் படிப்பவருக்கு அன்று டாடா ஓடாத கம்பெனி. எபிட்டா வரியைப் படித்தவருக்கு வழக்கமான ஒரு காலாண்டு. எந்தக் கம்பெனியானாலும் கடைசி வரி வினோதமாக இருந்தால் மேலே ஏறி "அசாதாரண இனங்கள்", "இதர வருமானம்" என்ற இரண்டு வரியையும் பாருங்கள். நஷ்டத்துக்கு மட்டும் என்று இல்லை, திடீரென்று லாபம் குதித்தாலும் அங்கேதான் காரணம் உட்கார்ந்திருக்கும், சில சமயம் நிலம் விற்ற காசாக.

டாடாவில் என் தயக்கம் வேறு. 2025 ஜூலையில் இத்தாலியின் இவெகோவை 380 கோடி யூரோவுக்கு வாங்கப் போவதாக அறிவித்தார்கள். ராணுவப் பிரிவு போக மீதி முழுவதும், நம் காசில் ஏறத்தாழ 38,000 கோடி. 1987-ல் ஹிந்துஜாக்களோடு சேர்ந்து அசோக் லேலண்டின் பெரிய பங்கைப் பிடித்ததும், இருபது வருடம் கழித்து விலகியதும் இதே இவெகோதான், உலகம் சின்னதுதான். இது சேர்ந்தவுடன் டாடாவின் கணக்கு முழுக்க இந்திய லாரிக் கணக்காக இருக்காது. ஐரோப்பியச் சந்தை, யூரோ, புதுக் கடன், அங்குள்ள தொழிலாளர் ஒப்பந்தம் எல்லாம் உள்ளே வரும். கன்சாலிடேட்டட் கணக்கில் பழைய வருடத்தோடு ஒப்பிட முடியாத சில காலாண்டுகள் இருக்கும். 2008-ல் ஜாகுவாரை வாங்கிய அடுத்த ஆண்டு இதே குழுமம் எப்படித் திணறியது, பிறகு எப்படி எழுந்தது என்பதை இரண்டு பக்கமும் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். படிக்கக் கற்றுக்கொள்கிற ஒருவர் அதில் போய் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

புல்லட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐஷரின் லாரித் தொழில் வோல்வோவோடு 2008-ல் தொடங்கிய கூட்டு நிறுவனமான வி.இ. கமர்ஷியல் வெஹிக்கிள்ஸில் இருக்கிறது. ஐஷருக்கு 54.4 சதவீதம். ஆலை மத்தியப் பிரதேசத்தில் பிதம்பூரில். 2024-25-ல் 90,000 வண்டிக்கு மேல் விற்றார்கள், நல்ல கம்பெனி. ஆனால் ஐஷர் மோட்டார்ஸின் கணக்கில் அந்த லாரி விற்பனையைத் தேடினால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. கூட்டு நிறுவனம் என்பதால் விற்பனையைச் சேர்ப்பதில்லை, லாபத்தில் தங்கள் பங்கை மட்டும் கீழே ஒரே வரியாகக் காட்டுவார்கள். அந்த ஆண்டு ஐஷரின் மொத்த லாபம் 4,734 கோடி. அதில் லாரியிலிருந்து வந்தது சுமார் ஏழில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யும் மோட்டார் சைக்கிள். லாரித் தொழில் எழும் என்று நம்பி இந்தப் பங்கை வாங்குவது, சாம்பார் பிடிக்கும் என்று பிரியாணிக் கடைக்குப் போவது மாதிரி.

நாலாவது வழி ஒன்று உண்டு, வண்டிக் கம்பெனிகளை மொத்தமாக வாங்கி வைக்கும் நிஃப்டி ஆட்டோ இண்டெக்ஸ் ஃபண்டு. பதினைந்து கம்பெனி, அதில் மாருதி, மஹிந்திரா, பஜாஜ் எல்லாம் சேர்ந்து மேலே உட்கார்ந்திருக்கும், லாரிக்குக் கிடைப்பது ஓரமாக ஒரு இடம். ஆண்டறிக்கை படிக்க நேரம் இல்லை என்றால் இதை எடுத்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் செய்யும் டைம்லரைப் பற்றியும் கேட்டான். அது இந்தியச் சந்தையில் பட்டியலாகவில்லை, வாங்க முடியாது.

அவனுடைய முதல் கேள்வி பாக்கி இருக்கிறது, வரிசையாக நிற்கும் சேசிஸ். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இந்தக் கம்பெனிகள் வெளியிடும் விற்பனை எண், டீலருக்கு அனுப்பிய வண்டி எண்ணிக்கை. லாரிக்காரர் வாங்கிப் பதிவு செய்தது எத்தனை என்பது வண்டிப் பதிவுகளைக் காட்டும் அரசின் வாகன் தளத்தில் வரும். ஒரு மாதம் இரண்டும் வேறுபட்டால் கவலையில்லை. மூன்று நாலு மாதம் தொடர்ந்து அனுப்பியது அதிகம், பதிவானது குறைவு என்றால் வண்டி டீலர் வாசலில் நிற்கிறது, அடுத்து தள்ளுபடி வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் வணிக வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனதே, அதற்கு முந்தைய வாரங்களில் எவன் வண்டி எடுத்திருப்பான்? அதற்குப் பிந்தைய மாதம் ஏற்றம் வரத்தானே செய்யும்? அந்த மாதிரி மாதங்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்றேன்.

கடைசியில் அவனுக்கு நான் சொன்னது இது. படிக்கக் கற்றுக்கொள்ள லேலண்டுதான் சரி. மூன்றில் கலப்படம் குறைந்த லாரிக் கம்பெனி அது, ஸ்டாண்டலோன் கணக்கு முக்கால்வாசி கதையைச் சொல்லிவிடும். ஆனால் 2024-25-ல் அதன் மார்ஜின் நல்ல உயரத்தில் இருந்தது, தை மாதக் கணக்கு. எனவே 40,000-ஐயும் ஒரே நாளில் போடாதே, நாலு காலாண்டுக்குப் பிரித்து ஒவ்வொரு முறையும் ரிசல்ட்டைப் படித்துவிட்டுப் போடு. டாடாவை இவெகோ சேர்ந்து நாலு காலாண்டு கணக்கு வந்த பிறகு எடுத்துப் பார்க்கலாம், அதற்குள் விலை ஏறிப் போனால் போகட்டும். ஐஷர் வேண்டுமென்றால் புல்லட்டுக்காக வாங்கு.

போன மாதம் எக்செல் ஷீட் ஒன்று அனுப்பினான். பத்து வருடம், வரிசையாக விற்பனை, வண்டி எண்ணிக்கை, வகுத்தது, மார்ஜின், ரொக்கம். பங்கு முதல் தவணை மட்டும் வாங்கியிருக்கிறான். ஷீட்டின் ஓரத்தில் எனக்குப் புரியாத ஒரு பத்தி இருந்தது, சின்னச் சின்ன எண்களாக: 2, 0, 3, 7. என்னடா இது என்று கேட்டேன்.

"சங்ககிரித் தாத்தாவுக்கு மாசக் கடைசியில போன் பண்றேன் மாமா. லோடு இல்லாம வண்டி நின்ன நாளு அது."